மாவு மூளை

மாலை ஐந்தேகாலுக்கு ஆன்லைனில் மூளையைப் பற்றிய வகுப்பு தொடங்கியது. சுகந்தி கேமராவில் படாமல் தரையில் உட்கார்ந்து, மகளுக்காகச் சப்பாத்தி மாவில் மூளை பிடித்துக் கொடுத்தாள். மடிப்புகளைக் கரண்டிக் காம்பால் கீறியிருந்தாள்.

“ஞாபகம் இருக்கிற இடத்தைத் தொடுங்க. சந்தோஷமான ஒண்ணைச் சொல்லுங்க,” என்றாள் திரையில் நிவேதா மிஸ்.

எட்டு வயது இதழினி மாவில் விரலை வைத்தாள். “என் பர்த்டேக்கு நீங்க பாடினீங்களே மிஸ், அதுதான்!”

அந்தப் பிறந்தநாளுக்கு, இரண்டு முறை கருகிய கேக்கை மூன்றாம் முறையும் சுட்டவள் சுகந்தி. அவள் கை நீண்டு வைஃபை சுவிட்சை அணைத்தது. மிஸ் சிரித்தபடியே திரையில் உறைந்தாள்.

இதழினி வந்து அம்மாவின் மடியில் உட்கார்ந்தாள். “நெட் போனா போகட்டும்மா. மிஸ் சொன்னதெல்லாம் எனக்கு ஞாபகமிருக்கு. உனக்குச் சொல்லித் தரட்டுமா?”