கண்ணாடி மாளிகைக்குப் பின்னால்

"டேய் தம்பி! மரத்துல இன்னா கீறிகினு நிக்கிறே? உங்கப்பன் வூட்டு மரமா?"

கோதண்டம் போட்ட சத்தத்தில் ஊட்டி தாவரவியல் பூங்காவே ஒருமுறை திரும்பிப் பார்த்தது. பைக் சாவியால் மரத்தில் பேர் செதுக்கிக்கொண்டிருந்த பையன் சாவியைப் பைக்குள் போட்டான். கூட இருந்த பெண் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"லவ்வுன்னா உடனே மரத்தாண்ட வந்துடுவீங்களா? போங்கடா அப்பால!"

பிரவீனாவுக்கு மானம் போயிற்று. இந்த அப்பாவைக் கூட்டிக்கொண்டு எவன் டூர் வருவான்?

அவள் வரமாட்டேன் என்றுதான் சொன்னாள். பிளஸ் டூ முடித்த கையோடு வல்லம் வடகாலில் ஒரு கம்பெனியில் சேர்ந்து, முதல் சம்பளத்தில் ஆசையாக வாங்கிய போன். போன வாரம் அப்பா அதைப் பிடுங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ஷிப்ட் பஸ்ஸில் கூட வரும் ஜோயலோடு பேசியதுதான் குற்றம். அதுவும் அவன் சர்ச்சுக்குப் போகிற பையன் என்பது பெருங்குற்றம்.

"நம்ம ஆளு கிடையாது. பேச்சே கிடையாது" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்.

போன் இல்லாமல் ஊட்டிக்கு வந்தால் என்ன, சேரப்பணஞ்சேரியில் வீட்டுக்குள்ளேயே கிடந்தால் என்ன?

அம்மா அம்சவல்லி மட்டும் பூரித்துப் போயிருந்தாள். கல்யாணத்துக்கு முன்னால் அவளும் அப்பாவும் ஒரே கம்பெனியில், லைன் நாலு என்ற ஒரே உற்பத்தி வரிசையில் வேலை பார்த்தவர்கள். அந்தப் பேச்சை எடுத்தால் இரண்டு பேரும் நிறுத்த மாட்டார்கள்.

"கம்பெனி டூர்ல வந்தப்போ இந்தப் புல்லுலதான்டி உக்காந்து சாப்பிட்டோம். பஸ்ஸுல டேப்பு சிக்கிக்கினு, மேட்டுப்பாளையம் வர்ற வரைக்கும் ஒரே பாட்டு. உங்கப்பா அதுக்கும் எழுந்து ஆடிகினு வந்தாரு."

"வேன்ல வரும்போதே சொல்லிட்டம்மா."

"சரி, மூஞ்சைத் தூக்கி வெச்சிகினு இங்க உக்காராதே. கண்ணாடி மாளிகைக்குப் பின்னால ஒரு பெரிய மரம் கீது. போய்ப் பார்த்துட்டு வா. அதுக்குள்ள நான் சாப்பாட்டைப் பிரிச்சு வெக்கிறேன்."

பிரவீனா வேண்டாவெறுப்பாகப் போனாள்.

வழுவழுவென்று ஒரு பெரிய மரம். பலகையில் வாயில் நுழையாத பேர் ஒன்று எழுதியிருந்தது. அவள் அதைப் படிக்கவில்லை. மரத்திலேயே எழுதியிருந்ததைத்தான் படித்தாள்.

'கோதண்டம் – மெர்சி.' நடுவில் ஒரு ஹார்ட்டின். கீழே, 'லைன் 4.'

மரத்தோடு சேர்ந்து எழுத்தும் கொழுத்துப் போயிருந்தது.

உலகத்தில் எத்தனையோ கோதண்டம் இருக்கலாம். லைன் நாலில் ஒரே கோதண்டம்தான். அந்த லைன் நாலு கதையைக் கேட்டுக் கேட்டே வளர்ந்தவள் அவள்.

மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"யாருப்பா மெர்சி?"

அப்பா கையிலிருந்த புளியோதரை வாய்க்குப் போகாமல் பாதியிலேயே நின்றது.

"ஊரான் புள்ளைக்கெல்லாம் மரத்துல கீறாதேன்னு உபதேசம். நீ மட்டும் கீறலாமா? நீ மெர்சியை லவ் பண்ணலாம், நான் ஜோயல்கிட்ட பேசினா மட்டும் ஆகாதா?"

கொட்டித் தீர்த்த பிறகுதான் அம்மா பக்கத்தில் இருப்பது உறைத்தது. ஐயோ, இத்தனை வருஷம் தெரியாமல் இருந்ததைப் போட்டு உடைத்துவிட்டோமே!

அம்மா நிதானமாக அப்பளத்தை நொறுக்கினாள்.

"இன்னும் கீதா? மரம் பருத்து மூடியிருக்கும்னு நெனச்சேன்."

"உனக்குத் தெரியுமா?"

"செதுக்குனதே நான்தான்டி. உங்கப்பாவுக்கு நேரா கீற வரல. மெர்சி, வாட்ச்மேன் வர்றானான்னு பார்த்துகினு நின்னா. லைன்ல என் பக்கத்து சீட்டு அவ. கோட்டுப் பையில எப்பவும் புளிப்பு மிட்டாய் வெச்சிருப்பா. சூப்பர்வைசர் அந்தாண்ட திரும்பினா என் வாயில ஒண்ணு போடுவா."

"உனக்குக் கோவம் வரலையாம்மா?"

"அன்னிக்கு வந்துது."

அம்மா அடுத்த அப்பளத்தை எடுத்தாள். பிரவீனா அப்பா பக்கம் திரும்பினாள்.

"அப்புறம் ஏன்ப்பா மெர்சியைக் கட்டிக்கல?"

அப்பா புல்லைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அவங்கப்பன் போனைப் பிடுங்கி வெச்சிக்கினான்."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா? வேலைக்கும் அனுப்பல. நான் போன் போட்டுகினே இருந்தேன். ஸ்விட்ச் ஆஃப், ஸ்விட்ச் ஆஃப்னே சொல்லிச்சு. அவளுக்குக் கல்யாணம் ஆயிடுச்சுன்னு உங்கம்மாதான் வந்து சொன்னா. கேன்டீன்ல எனக்கு எதிர்ல உக்காந்து, நான் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் காத்திருந்து சொன்னா."

அம்மா இன்னும் கொஞ்சம் புளியோதரையை அவர் பக்கம் எடுத்து வைத்தாள்.

அப்பா மெல்லத் தலை தூக்கி அம்மாவைப் பார்த்தார்.

"ஊட்டிக்குத்தான் போவணும்னு நீ ஒத்தைக்கால்ல நின்னது இதுக்குத்தானா?"

"உப்பு சரியா கீதான்னு பாரு" என்றாள் அம்மா.

அப்பா கையைக் கழுவினார். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துத் துண்டால் துடைத்து, பிரவீனா கையில் வைத்தார்.

"அந்தப் பையனை ஞாயித்துக்கிழமை வூட்டுக்கு வரச் சொல்லு. அவங்கப்பா அம்மாவையும் கூட்டிகினு வரட்டும். இன்னா ஏதுன்னு பேசுவோம்."

பிரவீனா போனை ஆன் செய்து, ஜோயல் பேரைத் தேடினாள்.

எழுந்து நடந்த அப்பா, கண்ணாடி மாளிகைப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுத் திரும்பினார்.

"மரத்துல மட்டும் பேரைக் கீறாதீங்க, பாப்பா. அழிய மாட்டேங்குது."