அவனுக்கு இன்று தீர்ப்பு

“கீழ்க்கோர்ட்டின் தீர்ப்பு, பணம் வாங்கிக்கொண்டு எழுதப்பட்டது. இந்த நீதிமன்றம் அதை ரத்து செய்கிறது. குற்றம் சாட்டப்பட்டவர் விடுதலை செய்யப்படுகிறார்.”

நீதிபதி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். கூண்டில் நின்ற இளைஞன் முகத்தைப் பொத்திக்கொண்டான். மூன்றாவது பெஞ்சிலிருந்த அவனுடைய அம்மா எழுந்தாள். கும்பிட வேண்டிய கையால் நிதானமாகக் கொண்டையைச் சரிசெய்துகொண்டாள்.

“கட்,” என்றார் டைரக்டர். “ஏம்மா, பிள்ளைக்கு விடுதலைன்னு தீர்ப்பு வருது. நீங்க கொண்டை போடுறீங்க.”

“தப்புதான் தம்பி. இன்னொரு தடவை பண்ணிடறேன்.”

அது ஏழாவது டேக்.

நீதிபதி வேஷம் போட்டவரை யூனிட்டில் எல்லோரும் ஜட்ஜையா என்றுதான் கூப்பிடுவார்கள். முப்பது படங்களில் இதே கறுப்பு அங்கி. அதில் இருபத்தெட்டில் வில்லனிடம் காசுக்குக் கைநீட்டியவர். மனுஷனுக்கு நியாயமாக ஒரு தீர்ப்புச் சொல்ல வாய்த்ததே அபூர்வம், அதையும் தொண்டை கட்டுகிறவரைக்கும் சொல்ல வைத்துவிட்டாள் இந்த அம்மா.

கேமரா அவர் முகத்தில் தொடங்கி, கூண்டைத் தாண்டி, அவள் முகத்தில் போய் நிற்க வேண்டும். நடுவில் வெட்டு கிடையாது. அவள் சொதப்பினால் இவரும் முதல் வரியிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

எட்டாவது டேக்கில் அவள் கேமராவைப் பார்த்தாள். ஒன்பதாவதில் பெஞ்சைவிட்டு எழவே மறந்தாள். பத்தாவதில் கைக்குட்டையைத் தவறவிட்டுவிட்டுக் குனிந்து தேடினாள்.

வேடிக்கை என்னவென்றால், தீர்ப்பை வாசிக்கும்போது அவளிடம் ஒரு குறையும் சொல்ல முடியாது. மூச்சுகூட விடாமல் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள். ‘விடுதலை’ என்று அவர் சொல்லி முடித்த பிறகுதான் எல்லாக் குளறுபடியும்.

ஜட்ஜையாவுக்குக் கோபம் தலைக்கேறியது. இணை இயக்குநரைக் கூப்பிட்டார். “எங்கேய்யா பிடிச்சீங்க இவங்கள?”

“அப்படிச் சொல்லாதீங்கய்யா. பதினஞ்சு வருஷமா கூட்டத்துல நிக்கிறவங்க. ‘ஒரே டேக் அக்கா’ன்னு பேரு. முகம் தெரியற மாதிரி ஷாட் கிடைச்சது இன்னிக்குத்தான்.” இணை இயக்குநர் குரலைத் தாழ்த்தினார். “அவங்க பையனைச் செய்யாத தப்புக்கு உள்ள தள்ளிட்டாங்க. சாட்சிக்கும் காசு, தீர்ப்புக்கும் காசு. நம்ம கதை மாதிரியேதான். காலையில வரும்போதே சொன்னாங்க, இன்னிக்கு என் பையனுக்குத் தீர்ப்புன்னு.”

“அட பாவமே. அப்ப அங்க போகாம இங்க என்ன பண்றாங்க?”

“நானும் கேட்டேன். இல்லப்பா, நான் இங்கதான் இருக்கணும்னு சொல்லிட்டாங்க. போன்கூட நம்ம எல்லாரோடதும் மாதிரி வாசல் பெட்டியிலதான் கிடக்கு. என்ன ஆச்சுன்னு கேட்டுக்கக்கூட வழியில்ல.”

ஜட்ஜையாவின் கோபம் இருந்த இடம் தெரியவில்லை. பெற்ற பிள்ளையின் தலைவிதி எங்கோ வேறொரு கோர்ட்டில் தொங்கிக்கொண்டிருக்க, இங்கே பொய்க் கோர்ட்டில் உட்கார்ந்து நடிக்க யாரால் முடியும்? தன்னையே நொந்துகொண்டார்.

“ஜன்னல் வெளிச்சம் போயிட்டிருக்கு. இதுதான் கடைசி,” என்றார் டைரக்டர். “இதுவும் போச்சுன்னா அந்த இடத்துல வேற அம்மாவ உட்கார வைங்க.”

ஜட்ஜையா மேடையிலிருந்து இறங்கி மூன்றாவது பெஞ்சுக்குப் போனார்.

“பையனுக்கு என்ன வயசும்மா?”

“இருபத்தாறு ஐயா.”

“கவலைப்படாதீங்க. நல்ல சேதியா வரும். இந்த ஒரு தடவை மட்டும் மனசைக் கல்லாக்கிட்டுப் பண்ணிடுங்க.”

அவள் தலையாட்டினாள். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டாள். “ஐயா, அந்தக் கடைசி வரிய மட்டும் கொஞ்சம் மெதுவாச் சொல்றீங்களா?”

பதினோராவது டேக். ஜட்ஜையா கூண்டில் நின்றவனை விட்டுவிட்டு அவளைப் பார்த்தே கடைசி வரியைச் சொன்னார், ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி.

அவள் எழுந்தாள். கை தானாகக் குவிந்தது. உதடு மட்டும் துடிக்க, சத்தமே இல்லாமல் அழுதாள். டைரக்டருக்குக் கட் சொல்லத் தோன்றவில்லை. லைட் பிடித்திருந்தவர் முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஷாட் ஓகே ஆனதும் ஜட்ஜையா அங்கியைக்கூடக் கழற்றாமல் வாசலுக்கு ஓடினார். பெட்டியிலிருந்து அவளுடைய போனைத் தேடி வாங்கிவந்து நீட்டினார்.

“முதல்ல வீட்டுக்குப் பேசுங்கம்மா. தீர்ப்பு வந்திருக்கும்.”

அவள் அதைப் பார்க்காமலே பைக்குள் போட்டுக்கொண்டாள். “வந்திருச்சுங்க ஐயா. விடுதலை ஆயிட்டான்.”

“அப்படியா? ரொம்ப சந்தோஷம்மா.” உண்மையிலேயே அவருக்கு மனம் குளிர்ந்துவிட்டது. அப்புறம்தான் உறைத்தது. “போனே உங்ககிட்ட இல்லையே. யாரு சொன்னாங்க?”

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“அவன் போய்ச் சேர்ந்து மூணு வருஷம் ஆச்சு ஐயா. அப்பீல் தீர்ப்புக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஜெயிலுக்குள்ளயே போயிட்டான். ஆளே இல்லாதவனுக்கு எதுக்குத் தீர்ப்புன்னு கேஸை மூடிட்டாங்க.”

ஜட்ஜையா மெதுவாகக் கேட்டார்.

“அப்ப... அவனை யாரும்மா விடுதலை பண்ணது?”

அவள் அவரைப் பார்த்துக் கும்பிட்டாள்.

“நீங்கதான் ஐயா. பதினோரு தடவை.”