கீரை வாங்கப் போகும் ஸ்போர்ட்ஸ் கார்

ஒரு வீட்டு வாசலில் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று நின்றது. ஒன்பது வருஷமாக அந்த வீட்டு மங்கையர்க்கரசி அதில்தான் வேலைக்கும் கீரை வாங்கவும் போய்வந்தாள். வேகத்தடை ஒவ்வொன்றிலும் அதன் அடிவயிறு உரசும்.

"என்னப்பா, எருமைக்குப் பின்னாலயே ஊர்ந்து ஊர்ந்து ஓடவே மறந்துட்டியா?" என்று பக்கத்து ஸ்கூட்டர் தினமும் கிண்டல் செய்யும். கார் சிரித்துக்கொள்ளும்.

ஒருநாள் மதியம் எதிர்வீட்டுக் குழந்தையைப் பாம்பு கடித்துவிட்டது. மங்கையர்க்கரசி தாயையும் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு காரைக் கிளப்பினாள். ஓர் உறுமல் கேட்டது. ஸ்கூட்டர் திரும்பிப் பார்ப்பதற்குள் தெருவில் புழுதிதான் இருந்தது.

குழந்தை பிழைத்தது. சாயங்காலம் கார் வந்து நின்றதும் ஸ்கூட்டர் தயங்கித் தயங்கிக் கேட்டது: "இத்தனை வேகத்தையும் இவ்வளவு நாளா எங்கே வெச்சிருந்தீங்க?"

"எங்கேயும் வைக்கலையே தம்பி," என்றது கார். "தினமும் என்கூடத்தானே வந்துச்சு."