எழுநூற்று இருபதில் முதல் முடிச்சு

டிவி மறுபடியும் கறுத்துப் போனது.

இந்தப் படத்தை என்னால் காட்ட முடியாது என்று இங்கிலீஷில் சொல்லிக்கொண்டு ஒரு சின்னப் பெட்டி மட்டும் திரையில் அங்கிட்டும் இங்கிட்டும் மிதந்தது. மகாராஜன் ரிமோட்டைக் கட்டிலில் வீசினான். ஒரு மணி நேரமாக இதே கூத்து.

வந்த ஆத்திரத்துக்கு பிளேயரைத் தூக்கித் தெருவில் எறிந்திருப்பான். ஆனால் இன்றைக்கு விட்டால் அந்த வழக்கு என்றைக்கும் தீராது.

வழக்கு பதினொரு வருஷத்துப் பழசு. தாலி கட்டும்போது அவன் கண் தன் மேல் இல்லை, அட்சதைத் தட்டோடு நின்ற அவனுடைய மாமன் மகள் சுகன்யா மேல்தான் இருந்தது என்பது மனைவி சிவரஞ்சனியின் கட்சி. குழம்பில் உப்புக் கூடிய சண்டையானாலும் கடைசியில் அந்த மேடையில்தான் போய் நிற்கும். போன வாரம் சிலமலையில் ஒரு காதுகுத்து. பந்தியில் அத்தனை சொந்தத்துக்கு நடுவில் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டாள். இலையில் கை வைத்திருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

கல்யாண டிவிடியில் அவன் முகம் பிசைந்த மாவு மாதிரி இருக்கும். ஒரு பக்கம் திரும்பியிருப்பது தெரியும், கண் எங்கே போகிறது என்று தெரியாது. வீடியோக்காரர் அன்றைக்கே தெளிவான படம் என்று ஒரு புளூரே சிடியும் கொடுத்திருந்தார். போட பிளேயர் இல்லாமல் அது பீரோவில் பட்டுச்சேலைக்கு அடியில் கிடந்தது.

அந்த பிளேயர்தான் இன்று மத்தியானம் வந்தது. போடி கடைவீதியில் டிவி ரிப்பேர் பார்க்கும் யூனுஸிடம் செகண்ட் ஹேண்டில் வாங்கியது.

“நம்ம டிவில அதெல்லாம் ஓடாது. ஓடுச்சுன்னா இனி அந்தப் பேச்சையே எடுக்கல, போதுமா?” என்று சொல்லிவிட்டு சிவரஞ்சனி கொல்லைக்குத் துணி துவைக்கப் போய்விட்டாள்.

முதலில், சிடியைப் போடுவதற்கு முன்னால், பிளேயர் ஓடத்தான் செய்தது. வேலியில் போன ஓணானை வேட்டிக்குள் விட்டுக்கொண்டது அவன்தான். ஏலக்காய்க் கிட்டங்கியில் காயைத் தரம் பிரிக்கச் சல்லடை போடுகிறவன் அவன். அங்கே எட்டு எம்.எம். காய் என்றால் ஒசத்தி, ஆறு என்றால் மட்டம். பிளேயரின் செட்டிங்கில் படத் தெளிவுக்கு 480, 720, 1080 என்று நம்பர்கள் வரிசையாக நிற்கவும், கை தானாகப் பெரிய நம்பருக்குப் போய்விட்டது. ஓகே கொடுத்தான். டிவி கறுத்தது.

கறுத்த டிவியில் செட்டிங்கை எங்கே போய்த் தேட? கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட கதைதான். ஒயரைப் பிடுங்கி மாட்டினான். சாமியைக் கும்பிட்டான். கெட்ட வார்த்தையும் சொல்லிப் பார்த்தான்.

கடைசியில் யூனுஸுக்குப் போன் போட்டான்.

“அண்ணே, ஒங்க டிவி எழுநூத்தி இருபதுதான் தாங்கும். ஸ்டாப் பட்டன அமுக்கிப் பிடிச்சுக்கிட்டே பத்து எண்ணுங்க, படம் வந்துரும். பெறகு நடு நம்பர வைங்க” என்றான் யூனுஸ்.

மகாராஜன் நம்பிக்கையில்லாமல் பதினைந்து வரைக்கும் எண்ணினான்.

படம் வந்தது. நடு நம்பரை வைத்தான். சிடியைத் தள்ளினான்.

ஆத்தாடி, என்ன ஒரு தெளிவு! மாலையில் ஈரம் தெரிந்தது. நாதஸ்வரக்காரர் கன்னத்து நரம்பு தெரிந்தது.

“ரஞ்சனி, வெரசா வா!” என்று கத்தினான். கொல்லையில் தண்ணீர்ச் சத்தம் நின்றது.

முதல் முடிச்சு வந்தது. மாலை இடித்ததால்தான் அவன் முகம் சாய்ந்திருந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு, முடிச்சு நழுவிவிடக் கூடாதே என்று கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். சுகன்யா நின்ற திசைக்கே அவன் கண் போகவில்லை. ஜெயித்துவிட்டான். மனுஷனுக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்புறம்தான் பக்கத்தில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தான்.

தலைதான் குனிந்திருந்தது, கண் குனியவில்லை. மேடை ஓரத்தில் நீலச் சட்டை போட்ட ஒருத்தன் நின்றான். அவள் கண் அவன் மேல் இருந்தது. மேளம் உச்சத்தில் கொட்டும்போது அவன் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு படியிறங்கிப் போனான். அவள் கண்ணும் கூடவே படியிறங்கிப் போனது.

யாரென்று மகாராஜனுக்குத் தெரியவில்லை. ஜெயித்த சந்தோஷம் போன இடமும் தெரியவில்லை. ரிமோட்டில் படத்தைப் பெரிதாக்கும் பட்டன் ஒன்று இருந்தது. விரல் அதன் மேல் போய் நின்றது. பெரிதாக்கினால் முகம் தெரிந்துவிடும். தெரிந்து என்ன செய்வது? குரங்கணி ரோட்டில் ஜீப்பு கவிழ்ந்து கால் ஒடிந்து கிடந்தபோது மூன்று மாசம் அவனைத் தூக்கி உட்கார வைத்தவள் இவள்தான்.

கொலுசுச் சத்தம் அடுப்படியைத் தாண்டி வந்தது.

மகாராஜன் சிடியை வெளியே எடுத்தான்.

சிவரஞ்சனி ஈரக்கையைச் சேலையில் துடைத்தபடி நிலைப்படியில் நின்றாள். டிவியைப் பார்க்கவில்லை, அவன் முகத்தையே பார்த்தாள்.

“நீ சொன்னது வாஸ்தவந்தான் புள்ள. நான் அங்கிட்டுத்தான் பாத்துக்கிட்டு இருந்திருக்கேன்” என்றான்.

போட்டுக் காட்டுங்கள் என்று அவள் கேட்கவில்லை.