கழுத்து அசையக்கூடாது

சீஃபிஸின் தலையை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் பிடித்தபடி ரோட்டில் மண்டியிட்டிருந்தேன்.

கழுத்து அசையக்கூடாது. ஆம்புலன்ஸ் வரும்வரை கையை எடுக்கக்கூடாது. பஸ் கம்பெனியில் எங்கள் எல்லோருக்கும் கட்டாயமாக முதலுதவி வகுப்பு எடுத்தார்கள். பாதி நேரம் தூங்கினேன். இது மட்டும் மண்டையில் நின்றுவிட்டது.

போன் செய்தாகிவிட்டது. அவர்கள் கடற்கரையிலிருந்து மலையேறி வரவேண்டும். அதுவரை நானும் அவனும்தான்.

கீழூர் மெக்கானிக் அவன். ஹெல்மெட் முழங்கையில் மாட்டியிருந்தது. எங்கள் கிரீட் தீவில் ஆண்பிள்ளைகள் அதை அங்கேதான் மாட்டுவார்கள், போலீஸைக் கண்டால் மட்டும் தலைக்கு ஏறும். முழங்கைக்கு ஒரு கீறல் இல்லை. பின்மண்டையில் ரத்தம்.

பைக் பாறையோரம் கிடந்தது. அப்போதுதான் கவனித்தேன், பின்சீட்டு ஃபுட்ரெஸ்ட் இரண்டும் விரிந்திருந்தன.

தனியாகப் போகிறவன் எதற்கு அதை விரித்து வைக்கிறான்?

"பின்னாடி யார்டா உட்கார்ந்திருந்தது?"

"யாருமில்ல, ஸ்திராத்திஸ் அண்ணே. தனியாத்தான் வந்தேன்."

நான் டிக்கெட் பரிசோதகன். டிக்கெட் இல்லாதவன் கேட்டதற்கு மேல் ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்வான். யாருமில்லை என்றால் போதாதா? தனியாகத்தான் வந்தேன் என்று எதற்கு?

அவன் கண் சரிவுப் பக்கம் போய்த் திரும்பியது. அங்கே அரளிப் புதர்கள். அதற்குக் கீழே காய்ந்த ஓடை.

சரிதான், எந்த ஏமாளியின் பெண்டாட்டியோ என்று நினைத்தேன். எரிச்சலாக வந்தது. கள்ளத்தனத்தைக் கண்டால் எனக்கு எப்போதும் அப்படித்தான். ஆனால் புதருக்குள் அவளுக்கு ரத்தம் போய்க்கொண்டிருந்தால்? எழுந்து போனால் இவன் கழுத்தை யார் பிடிப்பது?

"நான் போலீஸ் இல்லடா. அங்க கிடக்கிறவளுக்கு ஒண்ணு ஆச்சுன்னா உன் தலையிலதான் விடியும்."

அவன் வாயை இறுக்கிக்கொண்டான். கண்ணோரம் நீர் வழிந்தது. சொல்லிவிடுவான் என்று பார்த்தேன். குமட்டினான்.

மல்லாந்தபடியே வாந்தி எடுத்தால் மூச்சு அடைத்துப் போய்விடுவான். பக்கவாட்டில் திருப்பவேண்டும். தனியாளாகத் திருப்பினால் கழுத்து போய்விடும். ஒருவர் தலையைப் பிடிக்க, இன்னொருவர் உடம்பை அதே நேரத்தில் புரட்டவேண்டும்.

சரிவைப் பார்த்துக் கத்தினேன்.

"யம்மா, நீ யாரா இருந்தாலும் சரி. எனக்கு ரெண்டு கைதான் இருக்கு. நீ வரலைன்னா இவன் போயிடுவான். மேல வா. யாருன்னு கேட்கமாட்டேன், யார்கிட்டயும் சொல்லவும் மாட்டேன்."

"வேணாம்," என்று சீஃபிஸ் முனகினான். என்னிடம் சொன்னதல்ல அது.

பிறகு கல் உருளும் சத்தம் கேட்டது.

புதரை விலக்கிக்கொண்டு ஏறி வந்தாள். ஒரு காலில் செருப்பில்லை. நெற்றியில் ரத்தமும் மண்ணும் அப்பியிருந்தன. சொன்னபடியே, யாரென்று நான் கேட்கவில்லை.

காலையில், அக்கா வீட்டுக்குப் போகிறேன் என்றவளை பஸ் ஏற்றி ஜன்னலோரம் உட்காரவைத்துவிட்டு வந்தவனே நான்தான்.

என் குரல் அவளுக்குத் தெரியாததா? தெரிந்துதான் ஏறி வந்திருக்கிறாள்.

என் மனைவி ஆர்கிரோ அவனுக்குப் பக்கத்தில் மண்டியிட்டாள்.

"எங்க பிடிக்கணும்?"

"தோள்ல ஒரு கை, இடுப்புல ஒரு கை," என்றேன்.

மூன்று என்றதும் சேர்ந்து புரட்டினோம். வாந்தி தார்ரோட்டில் வழிந்தது. இருமினான். மூச்சு சீராக வந்தது.

அதற்குப் பிறகும் தலை என் கையில்தான் இருந்தது. லேசாகத் திருப்பினால் போதும். அது எனக்குத் தெரிந்திருந்தது. அவளுக்கும் தெரிந்திருக்கவேண்டும்.

அவள் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. ஆம்புலன்ஸ் வளைவு திரும்பி வரும்வரை என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.