பின்னால் வந்தவன்

நியூயார்க் எடிட்டிங் அறையில் இயக்குநர் டெஸ்மண்ட் தலையில் அடித்துக்கொண்டார்.

"கட்டடத்து உச்சியில அரக்கன் நிக்கிறான், அங்க பார்த்து அலறுங்கன்னு சொன்னேன். நடிக்க வந்த ஜோடி ரெண்டும் கேமராவைப் பார்த்து அலறுதுங்க!"

"பயம் அசலா இருக்கே," என்றாள் எடிட்டர் லொரெய்ன்.

"அதுக்குத்தானே நேத்து ராத்திரி யூனிட் ஆளுங்களே இல்லாம விட்டேன்! மூணாவது நடிகன் ட்ரெவரே படம் பிடிச்சுக்கிட்டு ஓடணும், அந்த ஜோடி முன்னால ஓடணும். காலையில கேமராவை வாசல்ல வெச்சுட்டுப் போயிருக்காங்க. ஒருத்தரும் ஃபோனை எடுக்கல."

திரையில் ஆணும் பெண்ணும் சந்து சந்தாக ஓடினார்கள். கேமரா விடவில்லை. சற்று நேரத்தில் அவனைக் காணோம். அவள் மட்டும் ஓடினாள்.

"ட்ரெவர் மூச்சு வாங்குறதைக் கேளு. நடிகன்னா அவன்தான்!"

கதவு திறந்தது. ஊன்றுகோலுடன் ட்ரெவர் நின்றான். காலில் மாவுக்கட்டு.

"மன்னிச்சுடுங்க சார். நேத்து அவங்க ரெண்டு பேரும் வர்றதுக்கு முன்னாடியே ரயில் நிலையப் படியில உருண்டுட்டேன். நேரா ஆஸ்பத்திரி. ஃபோனும் நொறுங்கிடுச்சு. கேமராவை அங்கேயே விட்டுட்டேன்... ஷூட்டிங் நின்னுபோச்சா?"

டெஸ்மண்ட் திரையின் பக்கம் திரும்பினார்.

திரையில் அந்தப் பெண் சுவரோடு ஒட்டி நின்று அழுதாள். கேமராவுக்குப் பின்னாலிருந்து ட்ரெவரின் குரல் கனிவாகக் கேட்டது.

"ஏன் ஓடுற? நான்தான், ட்ரெவர்."