முன்னுக்குப் பூட்டின கொளுக்கி

“இஞ்சருங்கோ, விரதத்தோடை உதுக்குள்ளை கிடந்து என்ன செய்யிறியள்?”

வீட்டு முற்றத்தில் பிக்கப்பின் முன்பக்கத்துக்கு அடியில் படுத்திருந்த கணவன் தயாபரனிடம் உதயகலா கேட்டாள்.

“கொளுக்கி பூட்டுறன், கலா. ரெண்டும் ஒரே மட்டத்திலை இருக்கோ எண்டு பாரும்.”

“பின்னுக்குப் பூட்டினாலும் நாலு பேருக்கு உதவலாம். முன்னுக்கெண்டால் எங்களையெல்லோ ஆரும் கட்டி இழுக்கோணும். வாகனம் பழுதோ?”

“பழுதில்லை. நாளைக்குக் கோயிலடியிலை நீர்தான் ஸ்டியரிங் பிடிக்கோணும். எஞ்சினைப் போடத் தேவையில்லை. பிரேக்கிலை கால் படாமல் இருந்தால் போதும்.”

“அப்ப இழுக்கிறது ஆர்? பக்கத்து வீட்டுக் கோகுலன்ரை ட்ராக்டரோ?”

“அதுக்கு ஆள் இருக்கு” என்றபடி கடைசி நட்டை இறுக்கினான். “மட்டத்தை வடிவாப் பாத்தனீரோ? ஒரு பக்கம் சரிஞ்சால் தாங்கேலாது.”

மறுநாள் காலை அம்மன் கோயில் வீதியில் உதயகலா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தாள். கொளுக்கிகளில் கட்டிய கயிறுகள் கூட்டத்துக்குள் போய் மறைந்தன. சனம் விலகியபோதுதான் அவற்றின் மறுமுனை அவளுக்குத் தெரிந்தது.

தயாபரனின் முதுகுத் தோலில் வளைந்த செடில் முட்களை வரிசையாகக் குத்தியிருந்தார்கள். கயிறுகள் அந்த முட்களில் கட்டப்பட்டிருந்தன.

யன்னலால் திருநீறு நீட்டிய ஐயர் சொன்னார்: “போன வருசம் நீர் ஆஸ்பத்திரியிலை கண் திறக்காமல் கிடக்கேக்கை உம்மடை மனிசன் வைச்ச நேர்த்திக்கடன், பிள்ளை.”

“அரோகரா!”

கயிறுகள் விறைத்தன. அவன் முதுகுத் தோல் கூடாரம்போல் எழும்பியது. எஞ்சின் சத்தமே இல்லாமல் பிக்கப் மெல்ல அசைந்து, உருளத் தொடங்கியது.

உதயகலா மூச்சை அடக்கிக்கொண்டு, இரண்டு கால்களையும் இருக்கையின்மேல் தூக்கி வைத்துக்கொண்டாள்.